சித்திரை வெயிலில் ஓவர்கிளாக்கிங்: வேகம், சூடு, கரண்ட்

பிராசஸர் 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றால் அதற்குள் ஒரு துடிப்பு நொடிக்கு 450 கோடி முறை அடிக்கிறது என்று பொருள். ஒவ்வொரு துடிப்புக்கும் சிப்பின் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் என்ற மிகச்சிறு மின் ஸ்விட்சுகள் ஒரு படி வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தயாராக வேண்டும். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி இந்தத் துடிப்பை நாமே கூட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். செய்வது எளிது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற செட்டிங் திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்த எண் கேட்கும் கூடுதல் கரண்டை யார் கொடுப்பது, கிளம்பும் சூட்டை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதிலும் மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து செய்பவருக்கு, குளிர்நாட்டு யூடியூபர்கள் சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தாது.

எடுத்துக்காட்டுக்கு இன்டெல் கோர் ஐ5-12600கே என்ற பிராசஸரை வைத்துக்கொள்வோம். பெயரின் கடைசியில் இருக்கும் 'கே' முக்கியம். இன்டெலில் பெரும்பாலும் இந்தக் கே உள்ளவற்றைத்தான் வேகத்தை நாமே மாற்றும்படி பூட்டில்லாமல் விற்கிறார்கள். அதோடு மதர்போர்டு இசட் வரிசையாகவும் இருக்க வேண்டும், இதற்கென்றால் இசட்690 போல. ஏஎம்டி இதில் கொஞ்சம் தாராளம்: பெரும்பாலான ரைசன்கள் பூட்டில்லாமல் வருகின்றன, பி வரிசை போர்டுகளே போதும். ஏ520 போன்ற ஏ வரிசை போர்டு வாங்கியிருந்தால் மட்டும் வழியில்லை. லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அந்த மெல்லிய உடம்புக்குள் இருக்கிற சூட்டை வெளியேற்றவே அது திணறுகிறது.

வேகத்தின் கணக்கு ஒரு பெருக்கல். மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் பிராசஸர் தனக்குள் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. அந்த எண்ணுக்கு மல்டிபிளையர் என்று பெயர். 12600கே-யின் பெரிய கோர்கள், அதாவது சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள், எல்லாம் சேர்ந்து உழைக்கும்போது அது 45. எனவே 4.5 கிகாஹெர்ட்ஸ். நாம் 49 என்று மாற்றினால் 4.9. அடிப்படைத் துடிப்பையே கூட்டவும் முடியும் என்றாலும் அதில் கைவைக்க வேண்டாம். சில போர்டுகளில் அதோடு வேறு பாகங்களின் துடிப்பும் சேர்ந்து நகரும். எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போவது போன்ற தலைவலிகள் அதில் உண்டு.

ஒரு காலத்தில் பல சிப்புகளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது. 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ-யில் மல்டிபிளையர் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைத் துடிப்பு 66. போர்டில் அதை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது, பலருக்கு எந்த முணுமுணுப்பும் இல்லாமல். பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் 2 வாங்கியவர்கள் அதைப் பார்த்து வயிறு எரிந்திருப்பார்கள். 50 சதவீத வேகம் இலவசமாகக் கிடைத்த காலம் அது. இன்று அப்படிக் கிடைக்காது, எதிர்பார்க்கவும் கூடாது. டர்போ, பூஸ்ட் என்ற பெயர்களில் கம்பெனிகளே சிப்பை அதன் எல்லைவரை ஓட்டித்தான் விற்கின்றன. ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடுகிறது. நமக்கென்று மிச்சம் வைத்திருப்பது கொஞ்சம்தான்.

வோல்டேஜ் ஏன் கூட்ட வேண்டியிருக்கிறது

4.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இருக்கும் நேரத்தில் வெளிச்சமே ஆறரை சென்டிமீட்டர்தான் போகும். அதற்குள் டிரான்சிஸ்டர்கள் வரிசையாக மாறி, விடை நிலைபெற்றிருக்க வேண்டும். துடிப்பை வேகப்படுத்தினால் இந்த இடைவெளி இன்னும் சுருங்கும். விடை நிலைபெறும் முன்பே அடுத்த துடிப்பு வந்துவிட்டால், 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். நீலத்திரை வருவதும், விளையாட்டு சொல்லாமல் கொள்ளாமல் டெஸ்க்டாப்புக்குத் திரும்புவதும் இதனால்தான். நீலத்திரை வந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கோப்பு கெட்டுப்போவதுதான் மோசம்.

வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் சீக்கிரம் மாறும். அதனால் வேகத்தோடு வோல்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கிறது. சிக்கல் இங்கேதான். சிப் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் கூடுகிறது. நம் 12600கே-யை எடுத்துக்கொள்ளுங்கள். 4.5-இலிருந்து 4.9-க்குப் போனால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடுகிறது. அதற்காக வோல்டேஜை 1.20-இலிருந்து 1.32 ஆக்கினோம் என்று வையுங்கள். அது 10 சதவீதம். 1.09-ஐ 1.1-ஆல் இரண்டு முறை பெருக்கினால் 1.32. ஆக, 9 சதவீத வேகத்துக்காக 32 சதவீதம் கூடுதல் சூடு. முழுச் சுமையில் 150 வாட் இழுத்த சிப் இப்போது 198 வாட் இழுக்கும். சிப் சூடாகும்போது தானாகக் கசியும் மின்சாரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரே மாதிரி இரண்டு சிப் ஒரே வேகத்துக்கு ஒரே வோல்டேஜ் கேட்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே சிலிக்கான் தட்டில் பிறந்தாலும் ஒன்று 1.25-இல் நிற்கும், பக்கத்தில் பிறந்தது 1.35 கொடுத்தாலும் தள்ளாடும். எனவே இன்னொருவர் போட்ட எண்களை அப்படியே உங்கள் பயாஸில் ஏற்ற வேண்டாம்.

சூடு

கூலர் எதுவானாலும், அது காற்றுக் கூலரோ தண்ணீர் ஓடும் ஏஐஓவோ, சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சிப்பிலிருந்து மேல் மூடிக்கு, அங்கிருந்து தெர்மல் பேஸ்ட் வழியாகக் கூலரின் செம்பு அடித்தட்டுக்கு, பிறகு குழாய்களில் ஏறி அலுமினியத் தகடுகளுக்கு, கடைசியில் ஃபேன் அடிக்கும் காற்றுக்கு. அந்தக் காற்று உங்கள் அறைக் காற்று. ஆகவே கூலரால் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் ஒரு கூலரின் திறமை.

இதை எண்ணில் பார்த்தால் விளங்கும். உங்கள் கூலர் 150 வாட் சுமையில் சிப்பை அறையைவிட 50 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைப்போம். ஏறக்குறைய இது நேர் விகிதம்தான், ஆகவே 198 வாட்டுக்கு 66 டிகிரி. ஏசி போட்ட 24 டிகிரி அறையில் சிப் 90-இல் நிற்கும். சூடுதான், ஆனால் ஓடும். அதே செட்டிங்கோடு 36 டிகிரி அறையில் 102. இந்த இன்டெல் சிப்புக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எல்லை 95. அப்படிக் குறைந்த பிறகு நீங்கள் ஏற்றிய 4.9, திரையின் ஓரத்தில் தெரியும் அலங்காரம் மட்டுமே. எனவே மார்கழி ராத்திரியில் பாஸ் ஆனதைச் சித்திரை மத்தியானத்திலும் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் முடிந்தது என்று எழுத வேண்டாம்.

கூலர் வாங்கும்போது நம் ஊருக்கு நான் சொல்வது இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர். 360 மில்லிமீட்டர் ஏஐஓ கூடுதலாகக் குளிர்விக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பம்ப் ஒன்று இருக்கிறது, அது ஒருநாள் நிற்கும். காற்றுக் கூலரில் நிற்கக்கூடியது ஃபேன் மட்டும், சில நூறு ரூபாயில் மாற்றிவிடலாம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கோபுரக் கூலரின் காற்று, போகிற போக்கில் பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள பாகங்களையும் தடவிவிட்டுப் போகிறது. ஏஐஓ வைத்தால் அந்த இடத்தில் காற்றோட்டம் குறைந்துவிடும்.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியா வலையா என்று பாருங்கள். வலை வாங்குங்கள். கேபினெட்டை மேஜைக்குக் கீழே இருக்கும் அந்த மரப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு ஓவர்கிளாக் செய்தால், வெளியே போன சூடான காற்றையே அது திரும்பத் திரும்பக் குடிக்கும். கடலோர ஊர்களில் தூசியும் ஈரமும் சேர்ந்து தகடுகளின் மேல் கம்பளி போலப் படியும். ஊதினால் போகாது, பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அப்படியே தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். பட்டாணி அளவு போதும்.

கரண்ட் வரும் வழி

198 வாட் என்றால் பெரிதாகத் தோன்றாது. வீட்டு ஃபேன் மூன்றின் அளவு. ஆனால் அந்த 198 வாட்டும் சிப்புக்குள் 1.32 வோல்ட்டில் நுழைகிறது. வகுத்துப் பாருங்கள்: 150 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசியே பத்து ஆம்பியருக்குள் ஓடிவிடுகிறது. விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சிலிக்கான் துண்டுக்குள் 150 ஆம்பியர் பாய்கிறது.

அவ்வளவு ஆம்பியரைத் தருவது மதர்போர்டின் விஆர்எம். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் அலுமினிய மூடி போட்டு வரிசையாக இருக்குமே, அதுதான். வீட்டுக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை அது ஒன்றரை வோல்ட்டுக்கும் கீழே இறக்கிக் கொடுக்கிறது. இந்த மாற்றத்தில் பத்து சதவீதம் வீணானால் 20 வாட், அங்கேயே சூடாகிறது. விலை குறைந்த போர்டுகளில் விஆர்எம்-க்கு மூடியே இருக்காது. அந்த மாதிரிப் போர்டில் சிப்பின் வெப்பம் 80 டிகிரியைத் தாண்டாதபோதே வேகம் விழுவதைப் பார்க்கலாம். மூச்சுத் திணறுவது சிப்புக்கு இல்லை, விஆர்எம்-க்கு.

மோட்டார் போட்டதும் வீட்டு லைட் ஒரு கணம் மங்குவது போலவே, சிப் திடீரென்று 150 ஆம்பியர் இழுக்கும்போது அதற்குப் போகும் வோல்டேஜ் சற்றுத் தாழும். வழியில் ஒரு மில்லி ஓம் தடை இருந்தாலே 0.15 வோல்ட் போய்விடும். 1.32 கொடுத்த இடத்தில் 1.17. இதை விட்ரூப் என்பார்கள். அதை ஈடுகட்ட பயாஸில் லோட் லைன் காலிப்ரேஷன் என்று ஒரு செட்டிங் உண்டு. தாழ்வது பிடிக்கவில்லை என்று சிலர் இதை உச்சத்தில் வைப்பார்கள். வேண்டாம். சுமை சட்டென்று இறங்கும் நொடியில் வோல்டேஜ் மேலே துள்ளும், அந்தத் துள்ளல் நீங்கள் போட்ட எண்ணைத் தாண்டும், சாதாரண மென்பொருளில் அது தெரியவும் தெரியாது. நடுவில் வையுங்கள், கொஞ்சம் தாழட்டும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை வைத்து ஓவர்கிளாக் செய்வதாக இருந்தால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிடலாம். அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே கட்டங்களில் 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்குங்கள்: 216. பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். ஆக அந்த 450-இல் உங்களுக்குப் பயன்படுவது பாதிகூட இல்லை. 80 பிளஸ் முத்திரை இருந்தால் நல்லது, ஆனால் அது வீணாகும் கரண்ட் குறைவு என்பதற்கான சான்று. வோல்டேஜ் ஆடாமல் நிற்கும் என்பதற்கான சான்று இல்லை. முழுச் சுமையில் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே நிற்க வேண்டும், அதுதான் ஏடிஎக்ஸ் வரையறை. கிராஃபிக்ஸ் கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் கணக்கைவிட மிகவும் எகிறுவதால், 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், 100 மைக்ரோ செகண்டுக்கு இரு மடங்கு சுமையைத் தாங்க வேண்டும் என்றே கேட்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அந்த எழுத்தைத் தேடி வாங்கலாம்.

வீட்டுக் கரண்ட் ஏறி இறங்குவதைப் பற்றிப் பயம் அதிகம், ஆனால் பயப்பட வேண்டிய இடம் வேறு. 100-இலிருந்து 240 வோல்ட்வரை ஏற்கும் நல்ல எஸ்எம்பிஎஸ்-க்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. 190-க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். கவனிக்க வேண்டியது யூபிஎஸ். கடையில் 600 விஏ என்று விற்கும் சாதாரண யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த பிராசஸர் 198, கிராஃபிக்ஸ் கார்டு 200, மற்றதெல்லாம் சேர்ந்து 50 என்றால் கரண்ட் போன அதே நொடியில் யூபிஎஸ்ஸும் கைவிரித்துவிடும். வீட்டு இன்வெர்டரில் ஓட்டுபவர்கள் பின்பக்கம் இருக்கும் ஸ்விட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். நார்மல் மோடில் மாறும் நேரம் அதிகம், எஸ்எம்பிஎஸ் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். அதை ஓவர்கிளாக்கின் கோளாறு என்று நினைத்து வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போனவர்கள் உண்டு.

எர்த்தும் முக்கியம். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கசியவிடும் சிறு கரண்ட் போக வழியில்லாமல் கேபினெட்டின் உடம்பிலேயே நிற்கிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு பயாஸுக்குப் போங்கள்.

செய்யும் முறை

முதலில் எதையும் மாற்றாமல் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, பிராசஸரை முழுதாக உழைக்கவைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் ஓட்டி, வெப்பம், வோல்டேஜ், வாட், மதிப்பெண் நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போதே 90-ஐத் தொடுகிறது என்றால் ஓவர்கிளாக் பேச்சை விட்டுவிட்டுக் கூலரைப் பாருங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள்.

பிறகு பயாஸில் மல்டிபிளையரை ஒன்றே ஒன்று ஏற்றுங்கள், 46. வோல்டேஜைத் தொட வேண்டாம். விண்டோஸ் வந்து சினிபெஞ்ச் ஓடினால் 47. எங்கே தடுமாறுகிறதோ அங்கே வோல்டேஜை 0.01, 0.02 என்று சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்க வேண்டும். இந்த ரகச் சிப்பில், வீட்டுக் கூலரை வைத்துக்கொண்டு, 1.35-ஐத் தாண்ட எனக்கு மனம் வராது. ஒரு படி வேகத்துக்கு வோல்டேஜ் தாறுமாறாகக் கேட்க ஆரம்பித்தால் சிப் தன் எல்லையைச் சொல்லிவிட்டது, ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள். திரையே வராமல் போனால் பதற வேண்டாம். போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு முள் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவற்றை ஸ்க்ரூடிரைவரால் சில நொடி இணைத்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

எண் பிடித்த பிறகு, சிப்பை முழுச் சுமையில் சோதிக்கும் மென்பொருள்களான ஓசிசிடி அல்லது பிரைம்95-ஐ ஒரு மணி நேரமாவது ஓட்ட வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் விண்டோஸ் ஹார்டுவேர் பிழைகள் என்ற வரியில் பூஜ்யம் மாறினால், கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடினாலும் அது தேறவில்லை.

வோல்டேஜ் விஷயத்தில் இவ்வளவு அடக்கி வாசிப்பதற்குக் காரணம், அது செய்யும் சேதம் அன்றைக்கே தெரியாது என்பதுதான். அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சிப்பின் நுண்கம்பிகளில் உலோக அணுக்கள் மெல்ல இடம்பெயரும். டிரான்சிஸ்டர்களும் சேர்ந்து மூப்படையும். நேற்றுவரை 1.30-இல் நின்றது ஒருநாள் 1.33 கேட்கும். கம்பெனிகளே இதில் அடிபட்டிருக்கின்றன. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகள் ஓவர்கிளாக் செய்யாமலே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிப் பழுதானதால், 2024 ஆகஸ்டில் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தார்கள். 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில சாக்கெட்டோடு கருகியபோது, எஸ்ஓசி வோல்டேஜுக்கு, அதாவது கோர்கள் தவிர மெமரி கண்ட்ரோலர் போன்ற பாகங்களுக்குப் போகும் வோல்டேஜுக்கு, 1.3 என்று ஏஎம்டி எல்லை கட்டியது. அந்தப் போர்டுகளில் பயாஸை அப்டேட் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். நீங்களாக ஓவர்கிளாக் செய்து கெடுத்தால் வாரண்டி கைகொடுக்காது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாதனை ஆசை உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. 2022 டிசம்பரில் ஒரு ஐ9-13900கே முதல்முறையாக 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. அதன் மேல் ஊற்றியது திரவ ஹீலியம், கொதிநிலையே மைனஸ் 269 டிகிரி. படம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஓடினால் போதும் என்ற விளையாட்டு அது; நம் வீட்டுக் கணக்கே வேறு.

இவ்வளவும் செய்து 9 சதவீதம்தானா என்று கேட்டால், பல வீடுகளில் இன்னும் சுலபமான லாபம் தொடப்படாமல் கிடக்கிறது. ரேம். 3200 என்று அச்சடித்த டிடிஆர்4 ரேமை வாங்கிப் போட்டால் பல போர்டுகளில் அது 2133-இலோ 2400-இலோதான் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி, ஏஎம்டியின் டிடிஆர்5 போர்டென்றால் எக்ஸ்போ, அதை ஆன் செய்தால்தான் காசு கொடுத்த வேகம் வரும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து இப்போதே பாருங்கள்.

இன்னொன்று அண்டர்வோல்டிங். நம் தட்பவெப்பத்துக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் கொஞ்சம் குறைப்பது. அதே வர்க்கக் கணக்கு இப்போது நமக்குச் சாதகமாக வேலை செய்யும்: வோல்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வாட் 10 சதவீதம் குறையும். சூடு குறைந்ததும் சிப்பின் டர்போ தானே கூடுதல் நேரம் மேலே நிற்கும். ரைசன் 5000-இலும் அதற்குப் பிந்தைய சிப்புகளிலும் இதற்குக் கர்வ் ஆப்டிமைசர் என்று பெயர். எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று வைத்துத் தொடங்கலாம். ஒரு படிக்கு 3-இலிருந்து 5 மில்லிவோல்ட் குறையும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைனஸ் 30 போட்டு மணிக்கணக்கில் பிரைம்95 ஓட்டிப் பாஸ் ஆன கம்ப்யூட்டர், இரவில் சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். எல்லாக் கோர்களும் உழைக்கும்போது வேகம் குறைவாக இருப்பதால் அந்த வோல்டேஜ் போதும். சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ ஒரு சின்ன வேலை வந்து ஒரே ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவும். குறைத்த வோல்டேஜ் அங்கேதான் பற்றாமல் போகும். எனவே இதைச் சோதிக்க எல்லாக் கோரையும் சேர்த்து ஓட்டிப் பயனில்லை. ஓசிசிடியில் ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றி ஓட்டும் வசதி இருக்கிறது. எந்தக் கோர் விழுகிறதோ அதற்கு மட்டும் மைனஸ் 30-ஐ மைனஸ் 25 ஆக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.